டேவிட் மார்: மூளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மனித மூளையின் ஒவ்வொரு நியூரானையும், அவற்றுக்கு இடையிலான ஒவ்வோர் இணைப்பையும் படமாக வரைந்து கையில் கொடுத்துவிட்டால் மூளை புரிந்துவிடுமா? புரியாது என்று அடித்துச் சொன்னவர் டேவிட் மார். அப்படிச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. இணைப்புகளைப் பார்த்தே மூளையைப் புரிந்துகொள்ளும் வழியில் போய் இளம் வயதிலேயே பெயர் வாங்கியவரும் அவர்தான்.

கணக்கீட்டு நரம்பியலுக்குள் புதிதாக எட்டிப் பார்ப்பவர்களை எடுத்த எடுப்பிலேயே சமன்பாடுகளைக் காட்டி மிரட்டிவிடுகிறார்கள். சமன்பாடு வேண்டும்தான். ஆனால் எதற்காக அது என்று தெரியாமல் படித்தால் மனதில் ஒட்டாது. ஒருவருடைய வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தத் துறை எதைத் தேடுகிறது என்பது சுலபமாகப் பிடிபடும். மார் வாழ்ந்தது 35 ஆண்டுகள்தான் என்பதால் கதையும் நீளமில்லை.

முதலில் தொழிலைப் பற்றி நாலு வரி. நரம்பியல் விஞ்ஞானி என்றதும் நினைவுக்கு வருவது நுண்ணோக்கியும் எலிக்கூண்டும். கணக்கீட்டு நரம்பியல் விஞ்ஞானிக்கு அவை கட்டாயமில்லை. மற்றவர்கள் ஆய்வகத்தில் அளந்து வைத்ததை எடுத்துக்கொண்டு, மூளை செய்யும் வேலையைக் கணக்காக எழுதிப் பார்ப்பது இவர் வேலை. எழுதிய கணக்கைக் கணினியில் ஓட்டி, நிஜ மூளை செய்வதைப் போலவே அதுவும் செய்கிறதா, தவறும்போது மூளை தவறும் இடத்திலேயே தவறுகிறதா என்று பார்ப்பார். 1952-இல் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை அளந்து, நரம்புத் துடிப்பு எப்படி உருவாகிறது என்பதைச் சில சமன்பாடுகளில் அடக்கிக் காட்டினார்கள். அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த ஒரே கணினி பெரிய மாற்றங்கள் செய்வதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் உட்கார்ந்து அந்தத் துடிப்பை அடி அடியாகக் கணக்கிட்டார். துறையின் பொறுமை எப்படிப்பட்டது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

மார் 1945 ஜனவரியில் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்தார். படிப்பு முடிந்ததும் கணிதத்தில் நீடிக்காமல், உடலியங்கியல் அறிஞர் ஜைல்ஸ் பிரிண்ட்லியிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். பிரிண்ட்லி லேசுப்பட்டவர் அல்ல. பார்வையிழந்த ஒருவரின் மூளைமேல் எலெக்ட்ரோடுகளைப் பொருத்தி, அவருக்கு ஒளிப்புள்ளிகள் தெரியவைத்தவர். கணிதம் தெரிந்த பையன் இப்படிப்பட்டவரிடம் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? 1969, 1970, 1971 என்று வருடத்துக்கு ஒன்றாக மூன்று பெரிய கட்டுரைகள் வந்தன. சிறுமூளைக்கு ஒன்று, பெருமூளைப் புறணிக்கு ஒன்று, நினைவுகளோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதிக்கு ஒன்று.

சிறுமூளைக் கட்டுரையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிடரிக்கு மேலே, மூளையின் அடியில் இருக்கும் இந்தச் சின்னப் பகுதியில்தான் மூளையின் மொத்த நியூரான்களில் பாதிக்கும் மேல் இருக்கின்றன. அதன் அமைப்போ ஆச்சரியப்படும் அளவுக்கு ஒழுங்கானது. பர்கின்ஜி செல் என்று ஒரு பெரிய செல், விசிறிபோல விரிந்து நிற்கும். அதற்கு இரண்டு விதமான செய்திகள் வருகின்றன. ஒரு பக்கம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் ஆளுக்கொரு சினாப்ஸ் (ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் இணைப்பு) போட்டுத் தொட்டுச் செல்கின்றன. மறு பக்கம், ஒரே ஓர் இழை கொடிபோல ஏறி, செல்லைச் சுற்றிப் படர்ந்து, நூற்றுக்கணக்கான சினாப்ஸ்களைப் போடுகிறது. லட்சம் பேர் ஒரு பக்கம், ஒற்றை ஆள் ஒரு பக்கம். ஏன் இந்த ஏற்பாடு?

மார் சொன்ன பதில்: கொடி இழை ஆசிரியர், லட்சம் இழைகள் சூழ்நிலை. உடம்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கை எங்கே, கால் எங்கே என்ற செய்தி மெல்லிய இழைகள் வழியாக வருகிறது. 'இந்த நேரத்தில் இந்த அசைவு வேண்டும்' என்று கொடி இழை தட்டுகிறது. இரண்டும் சேர்ந்து வரும்போது சம்பந்தப்பட்ட சினாப்ஸ்களின் பலம் மாறுகிறது. பல தடவை பழகியபின் ஆசிரியர் தட்டாமலேயே, சூழ்நிலையைக் கண்டதும் செல் சரியாக நடந்துகொள்ளும். சைக்கிள் பழகுவதும் வீணை பழகுவதும் இப்படித்தான் நடக்கின்றன என்பது கருத்து. ஒரு பர்கின்ஜி செல்லால் சுமார் 200 சூழ்நிலைகளைக் கற்றுவைத்துக்கொள்ள முடியும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 24.

இந்தக் கோட்பாட்டின் அழகு, அதை ஆய்வகத்தில் பொய்யாக்கிப் பார்க்க முடியும் என்பதுதான். சினாப்ஸ் மாறவில்லை என்றால் கோட்பாடு காலி. இரண்டு ஆண்டு கழித்து, நாசாவில் இருந்த ஜேம்ஸ் ஆல்பஸ் என்ற பொறியாளர் தனியாக இதே யோசனைக்கு வந்தார். ஒரே வித்தியாசம்: சினாப்ஸ் வலுப்படும் என்றார் மார், வலுவிழக்கும் என்றார் ஆல்பஸ். 1982-இல் ஜப்பானின் மசாவோ இட்டோ செய்த சோதனையில் ஆல்பஸ் சொன்னதுபோல வலுவிழப்பதே தெரியவந்தது. திசை மாறினாலும் அடிப்படை நின்றது. இன்றும் அதை மார்-ஆல்பஸ்-இட்டோ கோட்பாடு என்றுதான் பாடப்புத்தகங்கள் குறிப்பிடுகின்றன. ஹிப்போகாம்பஸ் கட்டுரையும் அப்படித்தான் நிலைத்தது. ஒரு நினைவின் துணுக்கு கிடைத்தால் மீதி முழுவதும் எப்படி மேலே வருகிறது என்பதற்கு அங்குள்ள செல்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பின்னலைக் காரணமாகக் காட்டியது அது. நடுவில் வந்த பெருமூளைப் புறணிக் கட்டுரை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

இதோடு நின்றிருந்தாலே பேர் சொல்லும் வாழ்க்கைதான். ஆனால் மாருக்குத் திருப்தி இல்லை. சிறுமூளைக் கோட்பாடு முற்றிலும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அதைப் படித்துவிட்டு ஒருவரால் ஓர் இயந்திரக் கையை இயக்க நிரல் எழுத முடியுமா? முடியாது. ஒரு கோப்பையை எடுக்கத் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் எப்படி ஒத்துப்போக வேண்டும், அந்தக் கணக்கு என்ன, அதில் எது கடினம் என்பதைப் பற்றி அந்தக் கோட்பாடு வாயே திறக்கவில்லை. எங்கே சேமிக்கப்படுகிறது என்று சொன்னது, எதைக் கணக்கிட வேண்டும் என்று சொல்லவில்லை.

அந்த நாட்களில் மார் கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சிட்னி பிரென்னரோடும் பிரான்சிஸ் கிரிக்கோடும் பழகிக்கொண்டிருந்தார். பிரென்னரின் குழு ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் நரம்பு மண்டலத்தை இணைப்பு இணைப்பாக வரையும் வேலையில் இறங்கியிருந்தது. மொத்தம் 302 நியூரான்கள். வரைபடம் 1986-இல் வெளிவந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுதாகச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை.

1973-இல் செயற்கை நுண்ணறிவு முன்னோடி மார்வின் மின்ஸ்கியின் அழைப்பில், சில மாதங்கள் இருந்துவிட்டு வரலாம் என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்குப் போனார். அங்கேயே தங்கிவிட்டார். அந்த ஆய்வகத்துக்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. கணினிக்குப் பார்வை கொடுக்கும் வேலையின் பெரும்பகுதியை ஒரு கோடை விடுமுறையில் மாணவர்களை வைத்து முடித்துவிடலாம் என்று 1966-இல் அங்கே திட்டம் போட்டிருந்தார்கள்! அது நடக்கவில்லை. ஆனால் முயன்று தோற்றதில் ஓர் உண்மை வெளிவந்தது. குழந்தைகூடச் சிரமமில்லாமல் செய்யும் 'பார்ப்பது' என்ற காரியம் பயங்கரமான கணக்கு. இந்தச் செய்தி எந்த நியூரானைக் குடைந்தும் கிடைத்திராது. செய்து பார்த்துத் தோற்றால்தான் தெரியும்.

அந்த 1973-இலேயே நரம்பு உளவியல் அறிஞர் எலிசபெத் வாரிங்டன் எம்ஐடியில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மூளையின் வலப்பக்கப் பரியெட்டல் பகுதியில் (உச்சந்தலைக்கு அடியில், சற்றுப் பின்னால் இருப்பது) அடிபட்டவர்களுக்கு வாளியைப் பக்கவாட்டில் காட்டினால் தெரிந்துகொள்வார்கள். நேர் மேலிருந்து எடுத்த படத்தைக் காட்டினால், அது வாளியாக இருக்கவே முடியாது என்று வாதாடுவார்கள். இடப்பக்கம் அடிபட்டவர்கள் கதை நேர்மாறு. பொருளின் பெயரோ அது எதற்குப் பயன்படும் என்பதோ சொல்ல வராது, ஆனால் உருவம் மட்டும் சரியாகப் புரியும். மாருக்கு இதில் பெரிய துப்பு கிடைத்தது. பொருள் இன்னதென்று தெரியாமலே அதன் உருவத்தைக் கண்டுபிடிக்க மூளையால் முடிகிறது. அப்படியானால் பார்வையின் முக்கியமான வேலை உருவத்தையும் இடத்தையும் கறந்தெடுப்பது. பெயர் சூட்டுவது அப்புறம்.

இங்கிருந்துதான் அவருடைய மூன்று நிலைகள் பிறந்தன. துறைக்குள் வருகிற எவரும் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதுதான். மாரே கொடுத்த உதாரணம் கடையில் பில் போடும் மெஷின். அது என்ன செய்கிறது? கூட்டுகிறது. சரி, ஏன் கூட்டல்? பெருக்கல் ஏன் இல்லை? நாம் நியாயம் என்று நினைப்பதை எழுதிப் பாருங்கள். ஒன்றும் வாங்காதவர் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அரிசியை முதலில் வைத்தாலும் பருப்பை முதலில் வைத்தாலும் தொகை மாறக்கூடாது. சாமானை இரண்டு பில்லாகப் பிரித்துப் போட்டாலும் மொத்தம் அதேதான் வர வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு பூஜ்யம் ஆக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் கட்டுப்படும் கணக்கு கூட்டல்தான். என்ன கணக்கு, ஏன் அந்தக் கணக்கு என்பது முதல் நிலை. அந்தக் கூட்டலை எப்படிச் செய்வது என்பது இரண்டாவது நிலை: வலமிருந்து இடமாக, மீதியைப் பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டலாம், அல்லது கணினிபோல 0, 1 மட்டும் வைத்துக் கூட்டலாம். மூன்றாவது நிலை, எதை வைத்துச் செய்வது: பழைய மெஷினில் பல்சக்கரம், புதியதில் சிப், கடைக்காரர் மனக்கணக்குப் போட்டால் நியூரான்.

நரம்பியல் அதுவரை பெரும்பாலும் மூன்றாவது நிலையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது என்பது மாரின் குறை. பல்சக்கரத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பருப்புக்கும் அரிசிக்கும் ஏன் வரிசை முக்கியமில்லை என்பது விளங்காது. முதல் நிலையில் தொடங்கிக் கீழே வர வேண்டும் என்றார்.

இந்த முறை வெறும் தத்துவப் பேச்சில்லை என்பதற்கு, டொமாசோ போஜியோவோடு சேர்ந்து அவர் செய்த இரட்டைக்கண் பார்வை ஆய்வே சாட்சி. உங்கள் கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். அப்புறம் கண்ணை மாற்றுங்கள். பின்னால் இருக்கும் சுவரின் மேல் விரல் இடம்விட்டுத் தாவும். விரலை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் தாவல் கூடும், தள்ளிப் பிடித்தால் குறையும். இந்தத் தாவலை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. சுலபம்போலத் தோன்றுகிறது. சிக்கல் எங்கே என்றால், இடக்கண்ணில் தெரியும் இந்தப் புள்ளியும் வலக்கண்ணில் தெரியும் அந்தப் புள்ளியும் ஒரே பொருளின் புள்ளிதான் என்று மூளைக்கு யார் சொன்னது?

விரல் என்று அடையாளம் கண்டுபிடித்து அதன்பிறகு பொருத்துகிறது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பெல் ஆய்வகத்தில் இருந்த பேலா யூலேஷ் அந்த வாசலை முன்பே அடைத்துவிட்டார். அவர் தயாரித்த இரண்டு படங்களிலும் வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான், கொட்டிவிட்ட ரவைபோல. ஒரு படத்தின் நடுவே ஒரு சதுரப் பகுதியின் புள்ளிகளை மட்டும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தியிருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் சதுரம் என்று ஒன்றே கிடையாது. ஆளுக்கொரு கண்ணாக இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சதுரம் மிதந்து எழும். ஆகப் பொருளை அடையாளம் காண்பதற்கு முன்னாலேயே பொருத்தம் நடந்துவிடுகிறது.

ஒரு வரிசையில் இந்தக் கண்ணில் 4 புள்ளி, அந்தக் கண்ணில் 4 புள்ளி என்று வைத்துக்கொண்டால் சாத்தியமான ஜோடிகள் 16. அவற்றில் 4 மட்டுமே சரி, 12 பொய். ஆயிரக்கணக்கான புள்ளிகள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். பொய்களைக் கழிக்க மாரும் போஜியோவும் நியூரான்களிடம் போகவில்லை, உலகத்தைப் பார்த்தார்கள். உலகத்தில் இரண்டு விஷயங்கள் நிச்சயம். ஒரு பொருளின் மேலுள்ள ஒரு புள்ளி ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும், எனவே ஒரு புள்ளிக்கு ஒரு ஜோடிக்கு மேல் கூடாது. பொருட்களின் பரப்பு பெரும்பாலும் தொடர்ச்சியானது, எனவே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் தூரம் திடுதிப்பென்று மாறாது. இந்த இரண்டையும் சட்டமாக வைத்தால் சரியான ஜோடிகள் பிடிபட்டுவிடும். இது முதல் நிலை.

இரண்டாவது நிலைக்கு 1976-இல் ஓர் அல்காரிதம், அதாவது படிப்படியான செய்முறை, கொடுத்தார்கள். சாத்தியமான ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் அலகு. ஒரே தூரத்தைச் சொல்லும் பக்கத்து அலகுகள் ஒன்றையொன்று ஊக்குவிக்கும், ஒரே பார்வைக்கோட்டில் நிற்பவை ஒன்றையொன்று அமுக்கும். சில சுற்று ஓடவிட்டால் பொய் ஜோடிகள் அடங்கிவிடும், சதுரம் நிற்கும். பார்த்தால் நியூரான் வலை மாதிரியே இருக்கிறது, அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மனிதர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதற்குச் சான்று போதவில்லை என்று 1979-இல் இன்னொன்றை முன்வைத்தார்கள்: முதலில் மங்கலான படங்களைப் பொருத்துவது, அதன்படி கண்களைத் திருப்புவது, பிறகு கூர்மையான விவரங்களைப் பொருத்துவது. முதல் நிலைச் சட்டங்கள் அதேதான், அல்காரிதம் மட்டும் வேறு. மூன்று நிலைகளையும் ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லன் ஹில்ட்ரெத்தோடு 1980-இல் செய்த விளிம்பு கண்டறியும் முறை கணினிப் பார்வைப் பாடங்களில் இன்றும் வருகிறது. படத்தை லேசாக மங்கவைத்து, வெளிச்சம் எங்கே சட்டென்று மாறுகிறது என்று தேடுவது அதன் சாரம். விழித்திரையின் செல்கள், நடுவில் விழும் வெளிச்சத்தையும் சுற்றி விழும் வெளிச்சத்தையும் எதிரெதிராக எடைபோடுவதும் ஏறத்தாழ அதே கணக்குத்தான்.

1977 டிசம்பரில் சில நிகழ்வுகள் நடந்ததால் இந்த நூலைத் திட்டமிட்டதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுத வேண்டியதாயிற்று என்று 'விஷன்' என்ற தன் நூலின் முன்னுரையில் குறிப்பிடுகிறார் மார். அந்த நிகழ்வுகள் என்னவென்று அவர் விளக்கவில்லை. அது ரத்தப் புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவே எழுதினார், மாணவர்களை வழிநடத்தினார், எம்ஐடியில் பேராசிரியரானார். 1980 நவம்பர் 17-இல் இறந்தார். நூல் 1982-இல் வந்தது. அவருடைய துறையை இன்றைய பெயரில் அழைத்துக் கூட்டப்பட்ட மாநாடு கலிபோர்னியாவில் நடந்தது 1985-இல்தான். இப்போது கணினிப் பார்வைக்கான முக்கிய உலக மாநாட்டில் சிறந்த கட்டுரைக்குத் தரப்படும் பரிசு மார் பெயரில் இருக்கிறது.

அவர் சொன்ன எல்லாமே நின்றதா என்றால், இல்லை. பார்வை படிப்படியாக நடக்கிறது, கடைசியில் பொருட்களை உருளை உருளையாகப் பிரித்து முப்பரிமாண மாதிரிகளாக வைத்துக்கொள்கிறது என்று அவர் வரைந்த பாதையில் பின்னாளைய கணினிகள் போகவில்லை. 2012-இல் சுமார் 12 லட்சம் புகைப்படங்களைக் காட்டிப் பழக்கிய ஆழ்கற்றல் வலை (செயற்கை நியூரான்களைப் பல அடுக்காகக் கோத்த கணினி நிரல்), இந்தப் படிகள் எதையும் யாரும் சொல்லித்தராமலே பொருட்களை அடையாளம் கண்டது. நிலைகளை அவ்வளவு கறாராகப் பிரிக்க முடியாது, மூளையின் கட்டமைப்பே எந்தக் கணக்கு சாத்தியம் என்பதை ஓரளவு முடிவு செய்கிறது என்ற விமர்சனமும் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆனால் அவருடைய அடிப்படைக் குறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2017-இல் எரிக் ஜோனஸும் கான்ராட் கார்டிங்கும் பழைய வீடியோ கேம்களை ஓட்டிய 6502 என்ற சிப்பை எடுத்துக்கொண்டு, அதை ஒரு மூளைபோல நடத்தினார்கள். சுமார் 3500 டிரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றின் இணைப்பும் தெரியும். நரம்பியலார் மூளையில் செய்வதுபோலவே ஒவ்வொரு டிரான்சிஸ்டராகச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். சிலவற்றை எடுத்தால் 'டாங்கி காங்' மட்டும் ஓடவில்லை, மற்ற விளையாட்டுகள் ஓடின. உடனே இதுதான் டாங்கி காங் டிரான்சிஸ்டர் என்று அறிவித்துவிடலாமா? அது ஏதோ ஒரு சின்னக் கணக்கைப் போடும் உறுப்பு, அந்த விளையாட்டுக்கு அது தேவைப்பட்டது, அவ்வளவுதான். வழக்கமான ஆய்வு முறைகள் எத்தனையோ முயன்றும் சிப் எப்படி வேலை செய்கிறது என்பது வெளிவரவில்லை.

'விஷன்' நூலின் 2010 மறுபதிப்புக்குப் பின்னுரை எழுதிய போஜியோ, நிலைகளின் பட்டியலில் கற்றலையும் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். ஒரு கணக்கை மூளை எப்படிச் செய்கிறது என்பதோடு, எப்படிக் கற்றுக்கொண்டது என்பதும் கேட்கப்பட வேண்டுமாம். 2014-இல் அதே எம்ஐடியில் ஜேம்ஸ் டிகார்லோவின் குழு அந்தத் திசையில் ஒன்றைச் செய்து பார்த்தது. பொருட்களை அடையாளம் காண்பதற்கென்றே பழக்கிய செயற்கை வலைகளையும், அதே படங்களைப் பார்க்கும் குரங்கின் மூளைச் செல்களையும் ஒப்பிட்டார்கள். வலை தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்ததோ, அவ்வளவுக்கு அதன் உள் அடுக்குகள் குரங்கின் செல்களோடு ஒத்துப்போயின. செல்களைப் பார்த்து வலையை யாரும் அமைக்கவில்லை, செய்ய வேண்டிய வேலையை மட்டும்தான் கொடுத்தார்கள். அந்த வலைக்குள் என்ன கணக்கு நடக்கிறது என்பதோ இன்னும் தெளிவில்லை. அதன் ஒவ்வோர் எண்ணையும் திரையில் கொண்டுவந்து காட்ட முடியும் என்றாலும்.